கேப்டன் ஹவா சிங்: பிவானி தந்த குத்துச்சண்டை ஆசான்



நம் இண்டூரில் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போனால், ராணுவத்திலும் காவல் துறையிலும் சேர்வதற்காக ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கலாம். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹவா சிங் நினைவு வரும். அவரும் இப்படி ஒரு கிராமத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர்தான்.

1937 டிசம்பர் 16 அன்று, இன்றைய ஹரியானாவின் பிவானி பகுதியில் உள்ள உமர்வாஸ் கிராமத்தில் பிறந்தார். 1956-இல் ராணுவத்தில் சேர்ந்தார். அவரைக் குத்துச்சண்டை வீரராக வளர்த்தது ராணுவம்தான். ஹவா என்றால் இந்தியில் காற்று. பெயர்தான் காற்றே தவிர, அவர் மோதியது 81 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கான கனரக எடைப் பிரிவில்.

1961-இல் தேசிய சாம்பியன் ஆனார். அதிலிருந்து தொடர்ந்து 11 முறை அந்தப் பட்டத்தை அவரே வென்றார். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் பாகிஸ்தான் வீரரை வென்று தங்கம் பெற்றார். இரு நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது. 1970-இல் மீண்டும் பாங்காக், மீண்டும் தங்கம். இம்முறை தோற்றவர் ஈரான் வீரர். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் அடுத்தடுத்து இருமுறை தங்கம் வென்ற இந்தியர் இன்றுவரை அவர் ஒருவரே.

இதெல்லாம் அமெச்சூர் குத்துச்சண்டை. மூன்று மூன்று நிமிடமாக மூன்று சுற்றுகள். ஜெயித்தால் பதக்கம் உண்டு, பரிசுப் பணம் கிடையாது. இத்தனை வென்றும் ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சொந்த மண்ணான பிவானிக்குத் திரும்பி, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற ராஜ்குமார் சங்வான் ஆசிய சாம்பியன் ஆனார். ஜகதீஷ் சிங் போன்ற பயிற்சியாளர்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. விழா நாள் 2000 ஆகஸ்ட் 29. ஆனால் ஆகஸ்ட் 14 அன்றே அவர் திடீரெனக் காலமானார். இன்னும் பதினைந்து நாள் இருந்திருந்தால் தன் கையால் வாங்கியிருப்பார். விருதை அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் பிவானியில் உருவானவர்கள். அவர்களில் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதைப் பார்க்க ஹவா சிங் இல்லை.

வங்கியில் வரவு செலவு எழுதியே காலம் கழித்தவன் நான். போட்ட முதலுக்கு வட்டி எப்போது வரும் என்றுதான் பார்ப்போம். விளையாட்டில் அந்தக் கணக்கு சரிப்படாது. ஒருவர் போட்டதை அடுத்த தலைமுறைதான் எடுக்கிறது. படிப்பு கெடும் என்று பிள்ளைகளை மைதானத்திலிருந்து இழுத்து வரும் முன், பெற்றோர்கள் ஒரு நிமிடம் ஹவா சிங்கை நினைத்துப் பாருங்கள்.