டேவியின் காப்பு விளக்கு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் பென்சான்ஸ் என்னும் கடற்கரை ஊர் உளது. அங்கு 1778-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி பிறந்தார். தந்தையார் மரச்சிற்பி. இளமையிலேயே அவரை இழந்த டேவி, மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். மருந்து கலக்கும் அறையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. 1801-இல் இலண்டன் இராயல் நிலையத்தில் பணியேற்றார். 1807-இல் மின்னாற்றலைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். பெரிய மின்கல அடுக்கின் துணையால் இரு கரித்துண்டுகளுக்கிடையே கண்கூசும் மின்சுடரை எரியச் செய்தும் காட்டினார். ஆயினும், எளிய தொழிலாளர் நாவில் அவர் பெயரை நிலைக்கச் செய்தது மங்கலானதோர் எண்ணெய் விளக்கே.

நிலக்கரிச் சுரங்கங்களில் மீதேன் என்னும் எரிவளி கசியும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குறித்த அளவிற் காற்றொடு கலந்துவிட்டால் ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். இருளில் கரி வெட்டுவோர்க்கோ விளக்கின்றி இயலாது. திறந்த மெழுகுவத்தியையே கொண்டு சென்றனர். சக்கிமுக்கிக் கல்லை எஃகுச் சக்கரத்தில் உராய்த்து, அப்பொறியொளியில் வெட்டியவரும் உண்டு. அதுவும் சிலபோது வெடிப்புக்குக் காரணமாயிற்று. 1812-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், வட இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டனர். அவர்களுட் சிறுவர் பலர்.

இத்தகைய விபத்துகளைத் தடுக்க அமைந்த கழகத்தார் 1815-இல் டேவியின் உதவியை நாடினர். அவர் சுரங்கப் பகுதிக்குச் சென்று கண்டு, எரிவளியைப் புட்டிகளில் வரவழைத்து ஆராய்ந்தார். குறுகிய உலோகக் குழாயின் வழியே சுடர் பரவாமையைக் கண்டார். உலோகம் வெப்பத்தை விரைந்து ஈர்த்துக்கொள்வதால், அப்பாலுள்ள வளி பற்றுமளவு சூடேறுவதில்லை. குழாய்களை மேலும் மேலும் குறுக்கிப் பார்த்தவர், நுண்ணிய கம்பிவலையே போதுமெனத் தெளிந்தார். சதுர அங்குலத்திற்கு 784 கண்கள் கொண்ட வலைக்கூட்டினாற் சுடரைச் சூழ்ந்தார். காற்று உட்புகும், ஒளி வெளிவரும், தீ வாராது. எரிவளி இருப்பின், சுடரின்மேல் நீலநிற முடி தோன்றி எச்சரிக்கும்.

காப்புரிமை பெற்றால் பெருஞ்செல்வம் திரட்டலாம் என நண்பர் வற்புறுத்தியும் டேவி இசையவில்லை. ஆனால், அதே காலத்தில் தாமாகவே ஒரு காப்பு விளக்கு செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சனின் உரிமையை அவர் ஏற்க மறுத்தார். அவ்விடத்து அவருடைய பெருந்தன்மை அவரைக் கைவிட்டது என்றே கூறவேண்டும்.

விளக்கு வந்த பின்னரும் சாவு ஒழியவில்லை. முன்னர் அஞ்சி விடுத்த பகுதிகளிலும் ஆட்களை இறக்கினர் சுரங்க உரிமையாளர். வலை ஒளியை மறைத்தமையாற் கூட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தோரும் உளர். வலையிற் சிறு பிளவோ பலத்த காற்றோட்டமோ நேர்ந்தாலும் தீ வெளிப்பட்டது. ஆகவே, தொழிலாளர் திறக்கவியலாத பூட்டும், காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் காலப்போக்கிற் சேர்க்கப்பட்டன.

டேவி 1829-இல் ஜெனீவாவிற் காலமானார். பின்னர், இருபதாம் நூற்றாண்டில் மின்விளக்குகள் சுரங்கங்களிற் பரவின. திறந்த மின்பொறியும் எரிவளியைப் பற்றவைக்கும். ஆதலின் அவற்றிற்கும் கூடு வேண்டியதாயிற்று. உள்ளே வெடிப்பு நேரினும், கூட்டின் குறுகிய இணைப்பிடைவெளி அனலைத் தணித்தே வெளிவிடும். டேவி குழாயிற் கண்ட உண்மையே இது. ஆனால் மின்விளக்கு எரிவளியின் வரவைக் காட்டாது; அதனைச் சோதிப்பதற்கென்று வலையிட்ட பழைய சுடர்விளக்கும் நெடுங்காலம் சுரங்கத்திற்குள் உடன் சென்றது.