அவசரமாகத் தீர்ப்பு எழுதாத அமரர் கல்கி



கோரிப்பாளையத்தில் குடியிருக்கும் எங்களுக்கு வைகை கூப்பிடு தூரம். ஆண்டில் பல மாதங்கள் மணலும் புல்லுமாகக் கிடக்கும் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் போதும். ஏ.வி. பாலத்தின் இருபுறமும் மக்கள் கூடிவிடுவார்கள். ஆற்றில் வெள்ளம் பார்ப்பது தமிழர்களுக்கு அத்தனை ஆனந்தம்! அதே ஆனந்தத்தோடு தொடங்கும் ஒரு நாவல் உண்டு. ஆடிப் பெருக்கு நாளில், கடல்போல் விரிந்த வீரநாராயண ஏரியின் கரைமீது ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். அவன்தான் வந்தியத்தேவன். நாவல் 'பொன்னியின் செல்வன்'. அதை எழுதிய அமரர் கல்கியின் வாழ்க்கையைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் அப்பத்தாவின் மரப்பெட்டியில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து எடுத்து, தடித்த அட்டை போட்டு பைண்டு செய்த பொன்னியின் செல்வன் இருக்கிறது. அது மீண்டும் தொடராக வந்த காலத்தில் வாரம் தவறாமல் சேர்த்து வைத்தது. சென்ற கோடை விடுமுறையில் அதை நான் படிக்கத் தொடங்கியபோது அப்பத்தா சிரித்தார்கள். அந்தக் கதையில் நம் ஊர்ப் பாண்டிய மன்னனின் தலையைக் கொய்தவன் சோழ இளவரசன் என்றும், மதுரைக்காரி நீ யார் பக்கம் நிற்பாய் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி என் மனத்தில் தைத்தது. யார் பக்கம் நியாயம் என்று அறியும் ஆவலிலேயே ஐந்து பாகங்களையும் படித்து முடித்தேன். பின்னர் எழுதியவரின் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன்.

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில், மணல்மேட்டுக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. கிராமத்துப் பள்ளியில் தொடங்கி, மாயவரத்தில் படித்து, பிறகு திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். காவிரி பாயும் பூமியில் வளர்ந்ததால்தானோ என்னவோ, பின்னாளில் அவர் எழுத்திலும் அந்த ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது நான் சொல்லப்போகும் செய்தி பத்தாம் வகுப்பு மாணவியாகிய என்னைத் திடுக்கிட வைத்தது. 1921-ஆம் ஆண்டு, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்கிய வேளையில், கிருஷ்ணமூர்த்தி பள்ளியை விட்டு வெளியேறினார்! அந்நிய அரசின் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் விட்டு வெளியே வாருங்கள் என்று அண்ணல் காந்தியடிகள் விடுத்த ஒத்துழையாமை அழைப்பே அதற்குக் காரணம். அக்காலத்தில் அந்தத் தேர்வில் தேறியவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருக்கும். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வாசல் வேறில்லை. அந்த வாசலை அவர் தம் கையாலேயே மூடினார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, நானும் தேர்வு எழுதப் போவதில்லை என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து உடனே கையெடுத்துக் கும்பிட்டேன். கல்கி படிப்பைச் சுமை என்று உதறவில்லை. நாட்டுக்காகத் தமக்கு மிகவும் தேவையான ஒன்றை விட்டுக்கொடுத்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருந்தார். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

சிறையிலிருந்து வந்தவர் 1923-இல் தமிழ்த்தென்றல் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். நல்ல தமிழ் எழுதும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. திரு.வி.கலியாணசுந்தரனாரின் பெயரில் உள்ள 'கல்' என்பதையும் தம் பெயரில் உள்ள 'கி' என்பதையும் சேர்த்தே கல்கி என்னும் புனைபெயரை வைத்துக்கொண்டார் என்று சொல்வாரும் உண்டு. சில ஆண்டுகளுக்குப் பின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திற்குச் சென்று, இராஜாஜியுடன் மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசன'த்தை நடத்தினார். குடியினால் அழியும் ஏழைக் குடும்பங்களின் கண்ணீரை எளிய கதைகளாக எழுதினார். உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிய நாட்களில் மீண்டும் ஆறு மாதம் சிறை சென்றார்.

அதன் பிறகு எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பேற்றார். நகைச்சுவை, தலையங்கம், பயணக் கட்டுரை, இசை விமர்சனம் என்று அவர் தொடாத துறை இல்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய இசை விமர்சனத்திற்கு வித்துவான்களே அஞ்சினார்களாம்! 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' என்னும் தொடர்கதைகள் அங்கேதான் வெளிவந்தன. தியாகபூமியின் நாயகி சாவித்திரி, கணவனால் கைவிடப்பட்டும் கலங்கி அழிந்து போகாமல், சொந்தக் காலில் நின்று நாட்டுப் பணியில் இறங்குபவள். 1939-இல் அக்கதை கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் திரைப்படமாக வந்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆங்கில அரசு அப்படத்தைத் தடை செய்தது. ஒரு பெண்ணின் கதைக்குப் பேரரசு அஞ்சியது என்றால் அது மிகையாகாது.

1941-இல் கல்கி விகடனை விட்டு விலகி மூன்றாம் முறையும் சிறை புகுந்தார். மூன்று மாதத்திற்குப் பின் வெளியே வந்தபோது கையில் வேலை இல்லை. அப்போது நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலுக்கு உதவியவர் யார் தெரியுமா? நம் மதுரையில் பிறந்த இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார்தான்! 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடத்தில் நடித்து, அதில் கிடைத்த ஊதியத்தைப் பத்திரிகைக்காகக் கொடுத்தார். ஆக, கல்கி என்னும் ஆலமரத்தின் வேரில் மதுரையும் ஒரு குடம் நீர் ஊற்றியிருக்கிறது. பின்னர் எம்.எஸ். அம்மையார் நடித்த 'மீரா' படத்திற்குக் கல்கி பாடல்கள் எழுதினார். பாரதியாருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப மக்களிடம் நிதி திரட்டியதிலும் அவர் முன்னின்றார். அம்மண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது.

இந்த இதழில்தான் அவருடைய புகழ்பெற்ற சரித்திர நாவல்கள் பிறந்தன. பல்லவர் காலத்தை வைத்து 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகியவற்றை எழுதினார். 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் பொன்னியின் செல்வன் வந்தது. ஓவியர் மணியம் படம் வரைந்தார். கதை நிகழும் இடங்களை நேரில் பார்க்காமல் கல்கி எழுதமாட்டார். மாமல்லபுரம், அஜந்தா, இலங்கை என்று அலைந்தார். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும், நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் போன்ற அறிஞர்களின் சோழர் வரலாறுகளையும் படித்தார். இத்தனைக்கும் அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்!

அந்நாவலின் நடுவே ஒரு மர்மம் இருக்கிறது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? இது கற்பனைக் கொலை அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மெய்யாகவே நடந்தது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கோயிலில் இராஜராஜ சோழரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களைச் சேர்ந்தோரின் நிலங்கள் பறிக்கப்பட்டதையும் சொல்கிறது. ஆனால் கத்தியைப் பிடித்த கை யாருடையது, பின்னால் நின்று ஏவியவர் யார் என்பது அதில் இல்லை. அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழர்மேல் நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார்.

கல்கி நினைத்திருந்தால் ஒரே வரியில் எவரையும் கொலைகாரர் ஆக்கியிருக்கலாம். இறந்த அரசர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வாசகர்களோ வாரந்தோறும் விடைக்காகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் அவர் உத்தம சோழரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கடம்பூர் மாளிகையின் அந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டார். பழிவாங்கத் துடிக்கும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், நந்தினி, பெரிய பழுவேட்டரையர், வந்தியத்தேவன் எல்லோரும் அருகே இருக்கிறார்கள். கொலைப் பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. நல்லவனான அவன் பாதாளச் சிறையில் வாடுகிறான். நாவல் முடிந்த பிறகும் யார் கை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மூன்று முறை தண்டனை பெற்றுச் சிறைக்கதவுக்குப் பின்னால் இருந்தவர் கல்கி. சான்று இல்லாமல் ஒருவர்மேல் பழி போட அவர் மனம் இடம் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்பத்தாவின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. தம் மன்னனை இழந்த பாண்டிய நாட்டாரின் துயரத்தையும், நந்தினியின் உள்ளக் கொதிப்பையும், கல்கி சோழ நாட்டில் பிறந்தவர் என்பதற்காக ஒதுக்கிவிடவில்லை. மதுரைக்காரியான நானும் நந்தினிக்காக அழுதேன். கரிகாலனுக்காகவும் அழுதேன்.

ஏறத்தாழ இதே காலத்தில், 1951-இல், ஜோசஃபின் டே என்னும் பெண் எழுத்தாளர் பிரிட்டனில் இதைப்போன்ற ஒரு நாவல் எழுதியதாக எங்கள் நூலகச் சகோதரி சொன்னார்கள். 1483-இல் லண்டன் கோட்டையில் மறைந்துபோன இரண்டு சிறு இளவரசர்களைக் கொன்றவர் மூன்றாம் ரிச்சர்டு மன்னரே என்று அந்நாட்டில் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அக்கதையில் வரும் துப்பறிவாளர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அந்தப் பழி சரிதானா என்று கேட்கிறார். கடல் கடந்தும் நீதியின் கேள்வி ஒன்றாகவே இருப்பது வியப்பல்லவா?

தோழியரே, இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எங்கள் வகுப்பில் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணாமல் போயிற்று. இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்த ஒரு மாணவிமேல் எல்லோருக்கும் ஐயம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மதிய உணவின்போது அவள் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பணம், அதைச் சேகரித்தவளின் பூகோளப் படப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. எல்லோரும் சிரித்து மறந்துவிட்டோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வந்தியத்தேவன் பாதாளச் சிறையில் இருந்த பக்கங்களைப் படித்தபோது அவள் முகம்தான் என் கண்முன் வந்தது. பள்ளி திறந்த முதல் நாளே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அந்தப் புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது. மூன்றாம் பாகம் வரை வந்துவிட்டாள்.

கல்கி 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55 தான். அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். 'அலை ஓசை' நாவலுக்கு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அதைப் பெற அவர் உயிருடன் இல்லை. அவருடைய நூற்றாண்டான 1999-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 2022, 2023 ஆண்டுகளில் பொன்னியின் செல்வன் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. படம் பார்த்த தோழியர் நூலையும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். படத்தில் இல்லாத எத்தனையோ மனிதர்கள் அதற்குள் காத்திருக்கிறார்கள்.

வரும் பொதுத்தேர்வில் நாம் எல்லா வினாக்களுக்கும் தவறாமல் விடை எழுதுவோம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிய வினா வரும்போது மட்டும், கல்கியைப் போல், சான்று கிடைக்கும்வரை விடைத்தாளை வெற்றிடமாக விடக் கற்றுக்கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கோரிப்பாளையம், மதுரை