ஆமணக்கு விதையும் லாங்கன்தால் மருந்தாளரும்

எள்ளின் நெய்யே தமிழில் எண்ணெய் என்ற பொதுச்சொல்லாயிற்று. எள், ஆமணக்கு போன்றவற்றின் எண்ணெய்களைத் தாவர மூலம், வரலாறு, வேதியியல் எனப் பல கோணங்களில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஃபிரீட்ரிக் ஆகஸ்ட் ஃப்ளூக்கிகர். இவர் 1828ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் உள்ள லாங்கன்தாலில் பிறந்தார்.

பர்க்டோர்ஃப் நகரில் மருந்துக்கடை நடத்திய இவர், பின்னர் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1873ஆம் ஆண்டு, அப்போது ஜெர்மனியின் வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியரானார்.

தொலைதூரத் துறைமுகங்களிலிருந்து பட்டையாகவும் விதையாகவும் வந்திறங்கிய மருந்துச் சரக்குகளில் கலப்படம் மலிந்திருந்த காலம் அது. எந்தச் செடி, எந்த ஊர், நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது, உள்ளிருக்கும் வேதிப்பொருள் எது என்று உறுதிசெய்யாமல் எதையும் ஏற்கலாகாது என்பது ஃப்ளூக்கிகரின் நிலைப்பாடு. லண்டனைச் சேர்ந்த டேனியல் ஹான்பரியுடன் இணைந்து 1874இல் இவர் வெளியிட்ட பார்மகோகிராஃபியா, பிரிட்டனிலும் பிரிட்டிஷ் இந்தியாவிலும் புழங்கிய தாவர மருந்துகளின் வரலாறாக அமைந்தது. ஹான்பரி மறுஆண்டே காலமானார். 1890களின் தொடக்கத்தில் இந்திய மருந்துகள் குறித்து வெளியான பார்மகோகிராஃபியா இண்டிகா, பெயரிலேயே இந்நூலுக்குக் கடன்பட்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான டேவிட் ஹூப்பர் உதகமண்டலத்தில் பணியாற்றியவர்.

ஆமணக்கு விதையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். நெல்லிலோ மாவுச்சத்தே மிகுதி. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது எது என்பதற்கு ஃப்ளூக்கிகர் காலத்தில் விடையில்லை. மெண்டல் தமது பட்டாணி ஆய்வை 1866இலேயே வெளியிட்டிருந்தார். ஆனால் அதன் முக்கியத்துவம் உணரப்பட்டது 1900இல்தான். ஃப்ளூக்கிகர் 1894இலேயே பெர்னில் காலமாகிவிட்டார்.

இலையிலிருந்து விதைக்கு வரும் சர்க்கரையை எண்ணெயாக மாற்றும் பணியை முடுக்கிவிடும் மரபணு ஒன்றை விஞ்ஞானிகள் 2004இல் இனங்கண்டனர். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அது பழுதானால் விதையின் எண்ணெய் சுமார் 80 சதவீதம் குறைந்து, விதை சுருங்கிவிடுகிறது. எனவே அதற்குச் 'சுருங்கியது' என்ற பொருளிலேயே பெயரிட்டனர்.

ஆமணக்கின் கதை இன்னும் சிக்கலானது. அதன் எண்ணெயில் சுமார் 90 சதவீதமாக உள்ள ரிசினோலிக் அமிலத்துக்குக் காரணமான மரபணு 1995இல் கண்டறியப்பட்டது. அதை அராபிடாப்சிஸில் செலுத்தியபோது கிடைத்ததோ சுமார் 17 சதவீதம் மட்டுமே. எண்ணெயை இறுதியாகக் கோர்க்கும் ஆமணக்கு மரபணு ஒன்றையும் உடன் சேர்த்தபோது, 2008இல், அளவு 30 சதவீதத்தை நெருங்கியது. உலகிலேயே அதிக ஆமணக்கு விளைவிக்கும் நாடு இந்தியா. அவ்விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சும் இருப்பதால், அதே எண்ணெயை நஞ்சற்ற வேறொரு பயிரில் பெறவே ஆய்வாளர்கள் முயன்றுவருகின்றனர்.