பொட்டு வெடித் துப்பாக்கிக்கும் ஸ்காட்லாந்து பாதிரியாருக்கும் என்ன தொடர்பு?

பொட்டு வெடித் துப்பாக்கி தெரியாதவர் யார்? விசையை இழுத்தால் சுத்தி விழும், பொட்டு 'டப்' என்று வெடிக்கும். சில சமயம் வெடிக்காது. மருந்து நமத்துப்போயிருக்கும், இல்லைன்னா சுத்தி சரியான இடத்தில் விழுந்திருக்காது. குழந்தைகளுக்கு அது சின்ன ஏமாற்றம், மாடல் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் 200 வருஷங்களுக்கு முன்னால் போர்க்களத்தில் நின்ற சிப்பாய்க்கு இது உயிர்ப் பிரச்சினை. இழுத்தால் வெடிக்குமா, வெடிக்காதா?

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ராணுவ இன்ஜினீயர் இல்லை. ஒரு கிராமத்துப் பாதிரியார். பெயர், அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித்.

யார் இந்த ஃபோர்சித்?

1768 டிசம்பர் 28-ம் தேதி ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரத்துக்கு அருகே உள்ள பெல்ஹெல்வி என்ற ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். அபர்டீன் கிங்ஸ் கல்லூரியில் படித்த மகன், 1791-ல் அப்பா இருந்த அதே பொறுப்புக்கு வந்தார். சாகும் வரை அந்த ஊரின் பாதிரியார் அவர்தான்.

தேவாலய வேலை போக, அவருக்கு ரெண்டு விஷயங்களில் பைத்தியம். ஒன்று, வேதியியலும் இயந்திரங்களும். இன்னொன்று, பறவை வேட்டை. இந்த ரெண்டும் சேர்ந்த இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.

பறவைகள் எப்படித் தப்பித்தன?

அன்றைய துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லை நம்பி இருந்தன. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசி தீப்பொறி பறக்கும். வெளியே ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும் கருமருந்து அதில் பற்றும். அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய், குழலில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். பிறகுதான் குண்டு கிளம்பும்.

இதில் ரெண்டு சிக்கல். முதலாவது, கிண்ணத்தில் பளிச்சென்று நெருப்பு தெரிவதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் நடுவே ஒரு கணம் தாமதம். அந்த ஒரு கணம் போதும், நீர்ப்பறவை பறந்துவிடும். ரெண்டாவது, கிண்ணத்து மருந்து வெளியே இருப்பதால் மழை, காற்று, ஈரம் எல்லாமே எதிரி. ஃபோர்சித்தை முதலில் உறுத்தியது பறவைகள் தப்பித்ததுதான்.

என்ன கண்டுபிடித்தார்?

தட்டினாலே வெடிக்கும் உப்புகள் சில அப்போதுதான் அறிமுகமாகி இருந்தன. பொட்டாசியம் குளோரேட்டை 1780-களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே உருவாக்கியிருந்தார். 1800-ல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எழுதினார். கருமருந்துக்குப் பதிலாக இவற்றையே குழலில் போட்டால் என்ன என்று சிலர் முயன்றார்கள். வேகம் தாங்காமல் குழலே வெடித்தது.

ஃபோர்சித் வேறு மாதிரி யோசித்தார். குண்டைத் தள்ளுகிற வேலையைக் கருமருந்தே செய்யட்டும். பற்றவைக்கிற வேலைக்கு மட்டும் இந்தப் பொடியில் ஒரு சிட்டிகை போதும். கல்லுக்குப் பதில் சுத்தி. உரசலுக்குப் பதில் அடி. 1805 வாக்கில் இப்படிப்பட்ட துப்பாக்கியோடு அவர் வேட்டைக்கே போய்விட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொடியைத் தள்ளிவிட, சின்ன வாசனைத் திரவியக் குப்பி போன்ற ஒரு பாகத்தை அதில் பொருத்தியிருந்தார்.

ராணுவம் ஏன் வேண்டாம் என்றது?

1806-ல் லண்டன் போனார். ராணுவத் தளவாடத் துறையின் தலைவராக இருந்த மொய்ரா பிரபுவுக்கு விஷயம் பிடித்துப்போக, லண்டன் டவர் கோட்டைக்குள்ளேயே ஒரு பட்டறை கிடைத்தது. ஆனால் அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. மொய்ரா போய், சாத்தம் பிரபு வந்தார். ஃபோர்சித்தின் வேலை நிறுத்தப்பட்டது. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு 1815-ல் வாட்டர்லூ போரையும் பிரிட்டிஷ் படை சிக்கிமுக்கித் துப்பாக்கியோடுதான் சந்தித்தது.

ஃபோர்சித் ஓய்ந்துவிடவில்லை. 1807 ஏப்ரல் 11-ல் காப்புரிமை வாங்கினார். நீராவி இயந்திரத்துக்குப் பெயர்போன ஜேம்ஸ் வாட் அதற்கு உதவினார். 1808-ல் லண்டன் பிக்காடில்லியில் கடை திறந்தார். வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள். நகல் எடுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கவும் செய்தார். ஆனால் 14 வருஷக் காப்புரிமை 1821-ல் முடிந்துபோனது.

'கேப்' எப்போது வந்தது?

ஃபோர்சித்தின் முறையில் ஒரு குறை இருந்தது. தூளாக இருக்கும் பொடியைக் கையாள வேண்டும். அளவு கூடினாலும் குறைந்தாலும் சிக்கல். இதற்குத் தீர்வாக வந்ததுதான் கேப். சின்னச் செம்புத் தொப்பி, அதற்குள் ஒட்டிய ஒரு துளி மருந்து. துப்பாக்கியின் காம்பில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. முதலில் செய்தது நான்தான் என்று பலர் உரிமை கோரினார்கள். அவர்களில் ஒருவர், அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் ஜோசுவா ஷா.

இன்றைய விளையாட்டுத் துப்பாக்கி, மாடல் துப்பாக்கி கேப்களிலும் அதே தத்துவம்தான். மருந்து மட்டும் வேறு. பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும். தீக்குச்சியின் தலையில் முதலாவது, பெட்டியின் பக்கவாட்டில் ரெண்டாவது இருக்கும். கேப்பில் ரெண்டும் ஒன்றாகவே இருப்பதால் ஒரு தட்டு போதும். கேப்பைச் சுரண்டி மருந்தை எடுக்கவே கூடாது என்பதும் அதனால்தான்.

அப்படியும் ஏன் சில கேப் வெடிப்பதில்லை? ஈரம் ஒரு காரணம். சுத்தியின் ஸ்பிரிங் தளர்ந்து அடி மெதுவாக விழுவது இன்னொன்று. கேப் தளர்வாக உட்கார்ந்தால், அடியின் வேகம் அதை நகர்த்துவதிலேயே போய்விடும். வெடித்த பிறகு மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அடுத்த முறை சுத்தி சிக்கும். துடைத்துச் சுத்தமாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

922-க்கு எதிராக 36

1834-ல்தான் பிரிட்டிஷ் ராணுவம் வூல்விச்சில் முறையாகச் சோதித்துப் பார்த்தது. ரெண்டு வகைத் துப்பாக்கியிலும் தலா 6,000 முறை சுட்டார்கள். சிக்கிமுக்கித் துப்பாக்கி 922 தடவை வெடிக்கவில்லை. கேப் துப்பாக்கி வெடிக்காதது 36 தடவை மட்டும். அதாவது ஆறரை முறைக்கு ஒரு தோல்வி எங்கே, 166 முறைக்கு ஒரு தோல்வி எங்கே! இதற்குப் பிறகே மாற்றம் தொடங்கியது. அதுவும் மெதுவாக.

அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்களில் மெட்ராஸ் சிப்பாய்களும் உண்டு. முதல் அபினிப் போரில், 1841 மே மாதக் கடைசியில், சீனாவின் கான்டன் நகரத்துக்கு வெளியே 37-வது மெட்ராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் தனியாகச் சிக்கிக்கொண்டது. சுற்றிலும் கோபத்தோடு கிராம மக்கள். கையில் சிக்கிமுக்கித் துப்பாக்கி, மருந்தெல்லாம் நனைந்துவிட்டது. துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். அவர்களை மீட்கப் போன கடற்படை வீரர்களின் கையில் கேப் துப்பாக்கி இருந்தது. அதே மழையில் அது வெடித்தது.

ஃபோர்சித்துக்கு என்ன கிடைத்தது?

1842-ல் அரசு அவருக்கு 200 பவுண்டு கொடுத்தது. அடுத்த வருஷம் ஜூன் 11-ம் தேதி, 74 வயதில், பெல்ஹெல்வியிலேயே இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இன்னொரு 1,000 பவுண்டு வந்தது, ஆனால் அவர் போன பிறகு, உறவினர் மூவருக்கு. இன்று அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. வைத்திருப்பது லண்டன் டவரில், சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்ன அதே இடத்தில்.