சிகரத்தைக் கணக்கிட்டவர்

கொல்கத்தாவில் 1813ஆம் ஆண்டு, வறிய குடும்பத்தில் இராதாநாத் சிக்தார் பிறந்தார். இந்துக் கல்லூரியில் பயின்று, கணிதத்தில் சிறந்து விளங்கினார். 1831ஆம் ஆண்டு, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் நில அளவைத் துறையில் கணிப்பாளராகச் சேர்ந்தார்.

சென்னைப் பரங்கிமலை அருகே 1802ஆம் ஆண்டு தொடங்கிய முக்கோண அளவைப் பணி, பின்னாளில் இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. நேபாளத்திற்குள் நுழைய இசைவு கிடைக்காததால், அளவையாளர்கள் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து சிகரங்களை நோக்கினர்.

மலையுச்சி, அதன் நேர்கீழ்ப்புள்ளி, நாம் நிற்குமிடம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் உருவாகும். ஐந்தரை மைல் உயரச் சிகரத்தை 110 மைல் தொலைவிலிருந்து நோக்குவதாகக் கொள்வோம். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் 0.05 கிடைக்கும். இவ்விகிதத்திற்குரிய கோணத்தை அட்டவணையில் தேடினால், அது மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவு. அக்கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிழைத்தாலும், உயரம் ஏறத்தாழ 170 அடி மாறிவிடும். மேலும், புவியின் வளைவு சிகரத்தைத் தாழ்த்திக் காட்டும். காற்று ஒளியை வளைத்து உயர்த்திக் காட்டும். இவற்றையெல்லாம் திருத்திக் கணக்கிடுவதே இராதாநாத்தின் பணி.

1852ஆம் ஆண்டு, பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என அவர் கணக்கிட்டறிந்தார். அதன் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. 1865இல் அதற்கு முன்னாள் தலைமை அளவையாளரான எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது.

இராதாநாத் அநீதிக்கு அஞ்சாதவர். தேராதூனில், துறைத் தொழிலாளர்களைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்த ஆங்கில நீதிபதியை எதிர்த்தார். 200 ரூபாய் தண்டமும் செலுத்தினார்.

1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டில் கணிதப் பகுதிகள் பலவற்றை அவர் எழுதியிருந்தார். 1870இல் அவர் மறைந்தபின் வந்த பதிப்பின் முன்னுரையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அச்செயலை அக்காலச் செய்தித்தாள் ஒன்றே கடுமையாகக் கண்டித்தது. 2004ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

சிந்தித்து எழுதுக

1. சிகரத்தின் உயரத்தைக் கணக்கிடுகையில் எவ்விரு திருத்தங்கள் தேவைப்பட்டன?
2. ஒருவரது உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டு அவர் பெயரை மறைப்பது முறையா? ஐந்து வரிகளில் எழுதுக.