தலை காத்த மருத்துவர் ஹியூ கெயர்ன்ஸ்

துருக்கியரை எதிர்த்தெழுந்த அராபியரோடு உடனின்று பாலைநிலத்திலே போர் செய்து உலகப் புகழ் பெற்ற டி. ஈ. லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயரை வாசகர் பலரும் அறிந்திருப்பர். போர்க்களத்திலே தப்பிய அவ்வீரர், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, இங்கிலாந்திலே தம் சிறு வீட்டிற்கு அணித்தாகிய நாட்டுப்புற வீதியொன்றிலே மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்தார். வீதியின் தாழ்ந்த பகுதியொன்று, முன்னே சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவரை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. கண்ட அளவில் அவர்கள் மீது மோதாது விலக முயன்றார். வண்டி நிலைகுலைய, தூக்கி எறியப்பட்டார். தலையிலே கவசம் இல்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து, 19ஆந் திகதி உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 46.

அவரைப் பார்வையிட அழைக்கப்பெற்ற மருத்துவர்களுள் ஒருவரே ஹியூ கெயர்ன்ஸ். லோறன்சின் கதை நூலாகவும் திரைப்படமாகவும் எங்கும் பரந்தது. கெயர்ன்ஸின் பெயரோ மருத்துவ உலகம் நன்கு போற்றும் பெயராயினும் நம்மவர் நாவிலே அதிகம் வழங்குவதில்லை. எனினும், யாழ்ப்பாணத்து வீதிகளிலே தலைக்கவசம் தரித்துச் செல்லும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவரேயாவர். ஆதலின், அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றேன்.

கெயர்ன்ஸ் 1896ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவிலே போட் பிரி என்னும் துறைமுக ஊரிலே பிறந்தவர். எளிய குடும்பத்துப் பிள்ளை. அடிலெயிட் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்கும்போதே முதலாவது உலகப் போர் மூண்டது. இராணுவ மருத்துவப் படையிலே சாதாரண போர்வீரராய்ச் சேர்ந்து பணியாற்றி, மீண்டு வந்து பட்டம் பெற்றார். பின்னர் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். ஆங்கே படகோட்டத்திலும் பெயர் பெற்றார். 1926இல் அமெரிக்காவிலே பொஸ்டன் நகருக்குச் சென்று, மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியாகிய ஹாவி குஷிங் என்பாரிடம் மாணாக்கராயமர்ந்து அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார். இலண்டனுக்கு மீண்டு அத்துறையை வளர்த்தார். 1937இல் ஒக்ஸ்போர்டிலே சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார்.

லோறன்சின் மரணம் அவர் உள்ளத்தை ஆழத் தைத்தது என்பர். தேர்ந்த கைகள் பல அருகே இருந்தும் நசுங்கிய மூளையை மீட்க ஒண்ணாமை கண்டார். வீழ்ந்தபின் செய்யும் சிகிச்சையினும் வீழும்போதே தலையைக் காக்கும் உபாயம் மேலானது என்னும் எண்ணம் அவரிடத்தே வேரூன்றியது.

இரண்டாவது உலகப் போரிலே அவ்வெண்ணம் செயலாயிற்று. இராணுவச் செய்திகளைச் சுமந்து, விளக்கு மறைத்த இரவுகளிலே மோட்டார் சைக்கிளில் விரைந்தோர் பலர் மாண்டனர். ஒக்ஸ்போர்டிலே பெண்கள் கல்லூரியொன்று 1940இல் தலைக்காயத்திற்கென இராணுவ ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. அதனை நடத்தியவர் கெயர்ன்ஸ். 1941ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியத் தீவுகளிலே மோட்டார் சைக்கிளில் மாண்டோர் தொகை 2,279 எனக் காட்டிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தும் தலையிலே காயமுற்றோராய் அவர் கண்டவர் எழுவரே, அவ்வெழுவரும் பிழைத்தனர். ஏழு என்பது சிறு தொகை என்பதை அவர் அறிவார். ஆயினும் அது காட்டிய திசையை அவர் தவறவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரிலே, கடமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இராணுவத்தினர் யாவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று.

அத்துடன் அவர் அமையவில்லை. ஹோல்போர்ன் என்னும் பௌதிக அறிஞரைத் துணைக்கொண்டார். மண்டையோட்டின் வடிவிலே ஜெலற்றின் கூழை வார்த்து, மோதும்போது மூளைக்கு யாது நேர்கின்றது என ஹோல்போர்ன் ஆராய்ந்தார். அடி மாத்திரமன்று, தலை சடுதியாய்த் திருகுண்டு சுழல்வதும் மூளையைச் சிதைக்கும் எனக் கண்டார். 1943இலே கவசம் அணிந்து விபத்துற்ற 106 பேரின் விபரங்களை இருவரும் ஆராய்ந்து எழுதினர். கவசத்தின் தொழில் இதுதான்: கடிய மேலோடு அடியின் விசையைப் பரவச் செய்கின்றது, உள்ளிருக்கும் மெத்தை தான் நசுங்கி, தலை நிற்கும் கணத்தைச் சற்றே நீட்டுகின்றது. இக்காலத்துக் கவசத்தினுள்ளே இருப்பது, ரெஜிபோம் என நாம் வழங்கும் பொருளை ஒத்தது. ஒருமுறை நசுங்கினால் அது மீளாது. ஆகவே, அடிபட்ட கவசத்தை மறுபடி அணிதல் பயனற்றது. நாடியிலே வார் பூட்டாத கவசமோ தலைக்கு முன்னே பறந்துவிடும்.

1952ஆம் ஆண்டு யூலை 18ஆந் திகதி, 56ஆவது வயதிலே, கெயர்ன்ஸ் புற்றுநோயால் மறைந்தார். மோட்டார் சைக்கிளோட்டுவோர் யாவரும் கவசம் அணிய வேண்டுமெனப் பிரித்தானியா சட்டம் செய்தது 1973இலேயாம். கண்ட உண்மை சட்டமாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. கவசம் அணிவது மரண அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கும் எனப் பிற்கால ஆய்வுகளின் தொகுப்பு உறுதி செய்துள்ளது.

இனி நம்மூர்க்கு வருவோம். யான் மாணவனாயிருந்த 1990களின் முற்பகுதியிலே பெற்றோலுக்குத் தடை. மண்ணெண்ணெயிலே புகைந்தோடிய மோட்டார் சைக்கிள்கள் சிலவே. மற்றையோர்க்குச் சைக்கிளே துணை. இன்றோ வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. வீதிகள் அகன்று செப்பமுற்றன. ஆனால் ஒழுங்கைகள் பழைய ஒழுங்கைகளே. வேலிகளுக்கும் மதில்களுக்கும் இடையிலிருந்து சைக்கிளொன்று வீதிக்கு ஏறும்வரை, வருபவர்க்கு அது தோன்றாது. லோறன்சுக்கு அந்தப் பள்ளம் எப்படியோ, நமக்கு ஒழுங்கை வாயில் அப்படியே.

என்னிடம் இலக்கணம் கற்ற மாணவன் ஒருவன், சில ஆண்டுகளின் முன், வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் புதிய வண்டியிலே என் வீடு தேடி வந்தான். அவன் தலைக்கவசம் கைபிடியிலே தொங்கிற்று. அதனை யான் கண்டேன். அவன் கொணர்ந்த மகிழ்ச்சியைக் குலைத்தல் வேண்டாமென்று வாளா இருந்தேன். மூன்று மாதத்தின் பின், ஒழுங்கையிலிருந்து ஏறிய சைக்கிளொன்றுக்கு விலகி அவன் வீழ்ந்தான். அன்றும் கவசம் கைபிடியிலேயே இருந்ததென்று செத்த வீட்டிலே சொன்னார்கள். வகுப்பிலே ஒற்றுப் பிழையொன்றையும் திருத்தாது விட்டறியாத யான், அவன் வந்த அன்று ஒரு சொல் சொல்லாது விட்டேன்.

கெயர்ன்ஸின் வரலாற்றை யான் தேடிப் படித்தது அதன் பின்னரே. இப்பொழுது பாடசாலை வாயிலிலே பிள்ளைகளை ஏற்றி வரும் பெற்றோரிடமும், பழைய மாணவரிடமும், கவசம் எங்கே, பிள்ளைக்கும் உண்டா, வார் பூட்டினீரா என்று கேட்கின்றேன். சிலர் சிரிப்பர், சிலர் முகஞ் சுளிப்பர். கேட்பதை மாத்திரம் யான் விடுவதில்லை. ஆசிரியராயுள்ள வாசகர்களும் அவ்வாறு கேட்பார்களாக.