ஜி.பி.எஸ். இல்லை, இன்ஜின் இல்லை... ஒரு டாலர் கடிகாரத்தோடு உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம்!

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். அவர்களுக்கு ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் தொடர்பு எல்லாம் உண்டு. இது எதுவும் இல்லாத காலத்தில், தன்னந்தனியாக முதன்முதலில் உலகைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோக்கம்.

யார் இவர்?

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே வீட்டைவிட்டு ஓடி, கடலில் வேலை கற்று, பெரிய பாய்மரக் கப்பல்களின் கேப்டன் ஆனார். நீராவிக் கப்பல்கள் வந்ததும் அந்த வேலைக்கு மவுசு போச்சு. அப்போது நண்பர் ஒருவர் சும்மா கொடுத்தது, வயல்வெளியில் மக்கிக் கிடந்த ‘ஸ்ப்ரே’ என்ற பழைய படகு. 13 மாத உழைப்பு, 553 டாலர் 62 சென்ட் செலவு. கிட்டத்தட்ட புதுப் படகையே கட்டிவிட்டார். நீளம் 37 அடிக்குக் கொஞ்சம் குறைவு.

படகில் என்னென்ன இருந்தது?

திசைகாட்டி, சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், கடந்த தூரத்தைக் காட்டும் கருவி. துல்லியமான குரோனோமீட்டர் கடிகாரம் மட்டும் இல்லை. இருந்ததைப் பழுதுபார்க்கவே 15 டாலர் ஆகும் என்பதால் விட்டுவிட்டார். பதிலுக்கு, முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை 1 டாலருக்கு வாங்கினார்.

இது ஏன் பெரிய ரிஸ்க்? நேரம் 4 நிமிடம் தப்பினால் தீர்க்கரேகை ஒரு டிகிரி தப்பும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 111 கிலோமீட்டர்! அவர் கடிகாரத்திலோ வழியில் நிமிட முள்ளே போய்விட்டது. ஆனால், நிலவின் நகர்வை வைத்துக் கணக்குப் போடும் பழைய முறை அவருக்கு அத்துப்படி.

மற்றதெல்லாம் கைவேலைதான். ஒரு பழைய சிறு படகைப் பாதியாக அறுத்தார். கரைக்குப் போக அதுதான் தோணி, துணி துவைக்க அதுதான் தொட்டி. தென் அமெரிக்க முனையில் இரவில் யாராவது ஏறிவிடாமல் இருக்க, தளம் முழுக்கச் சின்ன ஆணிகளைத் தூவிவிட்டுத் தூங்கினார். அதுதான் அலாரம். சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானாகவே நேராக ஓடும். அப்படித்தான் இந்தியப் பெருங்கடலில் 2,700 மைலை 23 நாளில் கடந்தார்.

1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பியவர், 46,000 மைல் சுற்றி 1898 ஜூனில் அமெரிக்கா திரும்பினார். இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது.

பிறகு என்ன ஆச்சு?

சில ஆண்டுகள் கழித்து அதே ஸ்ப்ரேயில் தனியாகப் போனவர் திரும்பவே இல்லை. 1924-ல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

இங்கேதான் இன்றைய கருவிகளின் மதிப்பு புரியும். 2018-ல் பழைய முறையில் மட்டுமே வழி கண்டறிய வேண்டிய கோல்டன் குளோப் போட்டியில், கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு புயலில் பாய்மரம் முறிந்து நின்றது. முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை. அவசரகால பீக்கன் அவர் இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

ஸ்லோக்கத்திடம் திறமைக்குக் குறைவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று கரைக்குச் சொல்ல ஒரு கருவிதான் இல்லை.